காசித்தும்பை டாக்டர்

கிணற்று மேட்டிலும், வேலி ஓரத்திலும், பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடுகிற இடத்திலும் தானாக முளைத்துப் பூக்கிற செடி காசித்தும்பை. சிவப்பு, வெள்ளை, ரோஜா, ஊதா என்று அதில் பல நிறம் உண்டு. ஒரு தடவை விதை போட்டால் போதும். மறு வருஷம் யாரும் விதைக்க வேண்டியதில்லை. ஆடிச் சாரல் விழுந்ததும், மண்ணே தெரியாதபடி கன்றுகள் எழும்பி நிற்கும்.

இந்தச் செடிக்குச் சொந்தபந்தம் ஏராளம். அவை நம் மேற்கு மலைகளில் இருக்கின்றன. அவற்றைத் தேடி அலைந்த ஒரு வெள்ளைக்கார டாக்டர் கோயமுத்தூரில் பதினொரு வருஷம் இருந்தார். அவர் பெயர் ராபர்ட் வைட்.

கும்பினி சர்க்கார் அவரைக் கோவைக்கு அனுப்பியது பூப் பறிக்க அல்ல, பருத்தி விளைவிக்க! பருத்தியில் அவருக்குத் தோல்விதான் கிடைத்தது. பூக்களோ அவர் பெயரை உலகமெங்கும் கொண்டு போயின.

பட்டாளத்து டாக்டர்

ராபர்ட் வைட் 1796-ஆம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி ஸ்காட்லாந்தில் பிறந்தார். தகப்பனார் எடின்பரோ நகரத்து வக்கீல். வீட்டில் நிறையக் குழந்தைகள்.

ராபர்ட் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் வைத்தியம் படித்து, 1818-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் மருந்து என்றால் பெரும்பாலும் வேரும் பட்டையும் இலையும்தான். ஆகவே வைத்தியம் படிக்கிறவர்கள் செடிகொடிகளைப் பற்றியும் படித்தாக வேண்டும். மற்ற மாணவர்கள் பரீட்சையோடு அதை மறந்துவிட்டார்கள். வைட் மறக்கவில்லை.

1819-ல், 23 வயதில், கிழக்கிந்தியக் கும்பினியின் பட்டாளத்து டாக்டராகச் சென்னைக்கு வந்தார். பட்டாளம் போகிற ஊருக்கெல்லாம் அவரும் போனார். காலையில் சிப்பாய்களுக்கு மருந்து கொடுப்பார். மாலையில் செடி பறிப்பார். பறித்ததைக் காகிதத்தின் நடுவே வைத்து அழுத்தி, காய வைத்து, பெயரும் ஊரும் எழுதிக் கட்டி வைப்பார்.

1826-ல் சென்னை சர்க்கார் அவருக்கு ஏற்ற வேலை ஒன்றைக் கொடுத்தது. செடிகொடிகளையும் உயிரினங்களையும் ஆராயும் உத்தியோகம் அது. ஆனால் அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. சிக்கனம் என்று சொல்லி, 1828-ல் அந்த உத்தியோகத்தையே சர்க்கார் எடுத்துவிட்டது. அவரை நாகப்பட்டினத்துக்கு டாக்டராக அனுப்பிவிட்டது.

வேறு ஒருவராக இருந்தால் செடிகளை மூட்டை கட்டி வைத்திருப்பார். வைட் என்ன செய்தார்? சொந்தச் சம்பளத்தில் ஆட்களை வைத்து, ஊர் ஊராக அனுப்பிச் செடி சேர்த்தார்!

2 டன் செடி

1831-ல் வைட் விடுமுறையில் சீமைக்குப் போனார். அவருடன் கப்பலில் போனது சுமார் 2 டன் எடையுள்ள காய்ந்த செடிகள். அதில் ஒரு லட்சம் மாதிரிகள் இருந்தன.

ஸ்காட்லாந்தில் வாக்கர் ஆர்னாட் என்ற செடி நிபுணர் இருந்தார். இருவரும் உட்கார்ந்து அந்தக் குவியலைப் பிரித்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, பெயர் சூட்டி, தென்னிந்தியச் செடிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். அதன் முதல் பாகம் 1834-ல் வெளிவந்தது. இரண்டாம் பாகம் வெளிவரவே இல்லை. வைட் மறுபடி இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்.

அந்த முதல் பாகத்திலேயே காசித்தும்பைக் குடும்பத்துச் செடிகள் பல இடம்பெற்றுவிட்டன. நீலகிரிச் சோலைக்காட்டில் ஓடை ஓரமாகக் கும்பல் கும்பலாக வெள்ளைப் பூப் பூத்து நிற்குமே, ஒரு காட்டுக் காசித்தும்பை? அதற்கு லெஷனோல் என்ற பிரெஞ்சுக்காரரின் பெயர் வழங்குகிறது. 1819-ல் நீலகிரிக்கு வந்து செடி சேர்த்தவர் அவர். அந்தப் பெயரும் விவரமும் இந்தப் புத்தகத்தில் அச்சானவைதான்.

பொறுமை இல்லாத காய்

காசித்தும்பைக் காயைத் தொட்டிருக்கிறீர்களா? முற்றிய காயை விரலால் தொட்டால் போதும், பட்டென்று வெடிக்கும். காயின் தோல் ஐந்து இதழாகப் பிரிந்து சுருட்டிக்கொள்ளும். விதைகள் நாலா பக்கமும் சிதறும். சிறு பிள்ளைகளுக்கு இது ஒரு விளையாட்டு.

இந்தக் குடும்பத்துக்கு லத்தீன் மொழியில் இம்பேஷன்ஸ் என்று பெயர். பொறுமை இல்லாதது என்று அர்த்தம். இங்கிலீஷில் தொடாதே என்ற பொருளிலும் ஒரு பெயர் சொல்வார்கள். நம் தொட்டாற்சுருங்கி வேறு, இது வேறு. அதில் சுருங்குவது இலை. இதில் வெடிப்பது காய்.

காய் எப்படி வெடிக்கிறது? முற்ற முற்ற, தோலின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு, முறுக்கிய கயிறுபோல் விறைத்து நிற்கும். ஒரு சொட்டு மழை விழுந்தாலும் தாங்காது. ஐந்து துண்டும் ஒரே நேரத்தில் சுருளும். அந்த வேகத்தில் விதை சில அடி தூரம் தெறித்துப் போய் விழும்.

தோட்டக்காரருக்கு வேலை இல்லாமல் செய்வது இந்த வெடிப்புத்தான். பூத்து ஓய்ந்த செடியை உடனே பிடுங்கிப் போடக்கூடாது. காய் வெடித்து முடியும்வரை விட்டுவைக்க வேண்டும். பிறகு மண்ணை ஆழமாகக் கொத்தாமல் மேலாக ஒரு கூடை தொழு உரம் தூவிவிட்டால், அடுத்த மழைக்கு விதை முளைக்கும். முளைத்த கன்றுகள் நெருக்கியடித்து நிற்கும். நாலு இலை வந்ததும், சாணுக்கு ஒன்றாக விட்டு மற்றதைப் பிடுங்கி வேறு இடத்தில் நடலாம். காலை வெயில் படவேண்டும். உச்சி வெயில் உதவாது. முருங்கை மரத்தடி, தென்னையடி, சுவர் நிழல் எல்லாம் ஏற்ற இடங்கள். தண்டு முழுவதும் தண்ணீர்தான் என்பதால், தண்ணீர் ஒரு நாள் தவறினாலும் தலை தொங்கிவிடும். ஆனால் வேரில் தண்ணீர் தேங்கினால் அழுகிப்போகும்.

ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். கடையில் வாங்கிய அடுக்குப் பூ விதை, தானாக விழுந்து முளைக்க முளைக்க, வருஷத்துக்கு வருஷம் ஒற்றைப் பூவாக மாறிக்கொண்டே போகும். அடுக்குப் பூவே வேண்டும் என்பவர்கள் அந்தக் காயை மட்டும் வெடிக்கும் முன்பு கைக்குள் பொத்திப் பறித்து, தனியாக வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு ஒற்றைப் பூவும் அழகுதான்.

காய்ந்தால் உருத் தெரியாது

தண்டெல்லாம் தண்ணீராக இருக்கிற இந்தச் செடி வைட்டைப் போன்றவர்களுக்குப் பெரிய தலைவலி. வேப்பிலையைக் காகிதத்தில் வைத்து அழுத்தினால் நூறு வருஷம் ஆனாலும் வேப்பிலையாகவே இருக்கும். காசித்தும்பைப் பூவை அழுத்தினால் ஈர்க்குச்சியில் ஒட்டிய கறைபோல் ஆகிவிடும். இதழ் எத்தனை, பின்னால் நீண்ட வால் வளைந்ததா நேரானதா, எதுவும் புரியாது. ஒரு செடிக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசமோ அந்த இதழிலும் வாலிலும்தான் இருக்கிறது!

இங்கிலாந்தில் பெரிய செடி நிபுணராக விளங்கிய ஜோசப் ஹூக்கர், தமது கடைசி வருஷங்களை இந்தக் குடும்பத்துக்கே செலவிட்டார். 90 வயது கடந்த பிறகும் காய்ந்த பூவை நனைத்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். 1911-ல் 94-வது வயதில் அவர் இறந்தபோதும் அந்த வேலை முடிந்தபாடில்லை.

அப்படியானால் ஒரே வழிதான் உண்டு. பூ வாடுவதற்குள் படம் எழுதிவிட வேண்டும்.

ரங்கையா, கோவிந்து

அந்த வேலைக்கு வைட்டிடம் இரண்டு இந்திய ஓவியர்கள் இருந்தார்கள். முதலில் ரங்கையா. அவருக்குப் பிறகு கோவிந்து.

காட்டிலிருந்து வந்த செடி ஈரத்துணியில் சுற்றியபடி மேஜைக்கு வரும். ஓவியர் முதலில் செடி முழுவதையும் எழுதுவார். பிறகு பூவைப் பிரித்து, இதழ் வேறு, மகரந்தம் வேறு, காய் வேறு, விதை வேறாக, பூதக்கண்ணாடியில் பார்த்துப் பெரிதாக்கி எழுதுவார். நரம்பு ஒன்று கூடக் குறையக்கூடாது. சுவாமி படம் எழுதிப் பழகிய நாட்டில், ஒரு காட்டுச் செடியின் விதைக்கு இவ்வளவு பாடுபட்டவர்கள் இவர்கள்.

படங்களை அச்சடிக்கச் சென்னையில் அப்போது வசதி போதாது. வைட் கல் அச்சு வேலையைத் தாமே கற்றுக்கொண்டார். வழவழப்பான கல்லில் எண்ணெய் மையால் படம் வரைந்து, அதைக் காகிதத்தில் ஒற்றி எடுப்பதுதான் கல் அச்சு. செலவில் பெரும் பங்கு அவருடைய கையைக் கடித்தது.

1838-ல் அவருடைய இரண்டு பெரிய படப் புத்தகங்கள் வெளிவரத் தொடங்கின. அந்த வருஷமே அவருக்குக் கல்யாணமும் ஆயிற்று. மனைவி பெயர் ரோஸா. வீட்டில் பிள்ளைகள் பிறந்தார்கள். மேஜையில் படங்கள் குவிந்தன.

அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் இந்திய ஓவியர்களைக் கொண்டு எத்தனையோ படங்கள் எழுதி வாங்கினார்கள். எழுதியவர் யார் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. வைட் புத்தகத்தில் படத்தின் கீழே ரங்கையா பெயரும் கோவிந்து பெயரும் அச்சாகி இருக்கின்றன. 1853-ல் அவர் ஒரு படி மேலே போனார். ஆர்க்கிட் வகையைச் சேர்ந்த ஒரு செடிக்குக் கோவிந்துவின் பெயரையே வைத்துக் கோவிந்தூயியா என்று அச்சிட்டார். ராஜாக்கள் பெயரையும் கவர்னர்கள் பெயரையும் செடிகளுக்கு வைத்துக்கொண்டிருந்த காலம் அது!

பருத்திப் பண்ணை

இனிக் கோயமுத்தூர் வருவோம்.

இங்கிலாந்தில் லங்காஷயர் ஆலைகளுக்கு வேண்டிய பஞ்சு பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து போய்க்கொண்டிருந்தது. ஒரே நாட்டை நம்பியிருப்பது ஆபத்து என்று ஆலை முதலாளிகள் பயந்தார்கள். இந்தியாவில் அமெரிக்கப் பருத்தியை விளைவிக்கச் சொல்லிக் கும்பினியை நெருக்கினார்கள். கும்பினி அமெரிக்காவிலிருந்து விதையும், பஞ்சு அரைக்கும் யந்திரமும், அனுபவம் உள்ள பண்ணைக்காரர்களையும் வரவழைத்தது. கோயமுத்தூரில் பரீட்சைப் பண்ணை போட்டது. அதைப் பார்த்துக்கொள்ள 1842-ல் டாக்டர் வைட் நியமிக்கப்பட்டார்.

கொங்கு நாட்டில் அப்போது உப்பம், நாடன் என்ற பருத்திகள் விளைந்தன. இழை குட்டை. ஆனால் செடி கெட்டி. மழை பொய்த்தாலும் நின்று, கொஞ்சமாவது பஞ்சு கொடுக்கும். அமெரிக்கப் பருத்தியின் இழை நீளம். பஞ்சு வெள்ளை வெளேர் என்று இருக்கும். ஆனால் செடிக்குத் தண்ணீர் நேரம் தவறாமல் கிடைக்க வேண்டும்.

கோயமுத்தூருக்கு வருஷத்தில் கிடைக்கும் மழை சுமார் 25 அங்குலம். அதிலும் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். பிறகு மாதக்கணக்கில் வானம் பார்க்க வேண்டியதுதான். அமெரிக்காவிலோ, செடி வளர வளர மழையும் கூடவே வரும். வந்த பண்ணைக்காரர்கள் தங்கள் ஊர்ப் பழக்கப்படி விதைத்துப் பார்த்தார்கள். ஒரு வருஷம் நன்றாக வரும். மறு வருஷம் பிஞ்சு கருகும். அவர்கள் சலித்துப்போய் ஊர் திரும்பினார்கள்.

வைட் விடவில்லை. விதைக்கும் மாதத்தை மாற்றினார். இடைவெளியை மாற்றினார். பண்ணையில் பலன் வந்த வருஷங்களைக் காட்டி, இது நிச்சயம் முடியும் என்று மேலே எழுதினார். ஆனால் பக்கத்துக் காட்டு விவசாயிகள் அவர் பின்னால் வரவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. துரை பண்ணையில் பருத்தி கருகினால் நஷ்டம் சர்க்காருக்கு. குடியானவன் காட்டில் கருகினால் அந்த வருஷம் அடுப்பு எரியாது. நீள இழைக்கு உள்ளூர் வியாபாரி பெரிதாகக் கூடுதல் விலையும் கொடுக்கவில்லை.

1853-ல் பண்ணை முயற்சி முடிவுக்கு வந்தது. பதினொரு வருஷ உழைப்பு தோல்வி என்று பலர் எழுதினார்கள். அந்த முடிவை வைட் கடைசிவரை ஏற்கவில்லை.

மலைக்கு மலை ஒரு பூ

அந்தப் பதினொரு வருஷத்தில் இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது.

கோயமுத்தூரிலிருந்து மேற்கே பார்த்தால் போளுவாம்பட்டி மலை. தெற்கே ஆனைமலை. வடக்கே மேட்டுப்பாளையம் தாண்டி நீலகிரி. செடி தேடுகிறவருக்கு இதைவிட நல்ல ஊர் கிடைக்காது. வைட் தாமும் போனார், ஆட்களையும் அனுப்பினார். போளுவாம்பட்டி மலையின் பெயர் அவருடைய புத்தகங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. நீலகிரிச் செடிகளுக்கென்றே வண்ணப் படங்களுடன் ஒரு தனிப் புத்தகமும் போட்டார்.

காசித்தும்பைக் குடும்பத்தில் புதிது புதிதாக அவருக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தது. ஒன்று பாறையில் ஒட்டி வளர்ந்தது. ஒன்று மரக்கிளையின் மேல் தொற்றி வளர்ந்தது. அதன் பூவில் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் சேர்ந்திருக்கும். அதற்கு ஜெர்டன் என்ற டாக்டரின் மனைவி பெயரை வைட் சூட்டினார்.

இவ்வளவு வகை எப்படி வந்தது? காரணம் அந்த வெடிக்கும் காய்தான். எருக்கம் விதை பஞ்சு கட்டிக்கொண்டு ஊர் விட்டு ஊர் பறக்கும். ஆலம் விதை பறவை வயிற்றில் போகும். காசித்தும்பை விதை தாய்ச் செடியிலிருந்து சில அடிதான் போகும். மலை உச்சியில் வாழும் வகைக்கு நடுவில் உள்ள சூடான பள்ளத்தாக்கைத் தாண்ட வழி இல்லை. அங்கேயே முளைத்து, அங்கேயே பூத்து, ஆயிரக்கணக்கான வருஷங்களில் ஒவ்வொரு மலையிலும் தனித்தனி வகையாக மாறிவிட்டது. உலகில் இந்தக் குடும்பத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் நூற்றுக்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை வேறெங்கும் கிடையாது.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. ஒரு சோலையை வெட்டித் தேயிலை நட்டால், அந்தச் சோலையில் மட்டும் இருந்த வகை அதோடு போய்விடும். பக்கத்து மலைக்குத் தப்பி ஓட அதற்குக் கால் இல்லை. வைட்டின் காலத்துக்குப் பிறகு எத்தனையோ சோலைகள் தேயிலையாகவும் யூகலிப்டஸாகவும் மாறிவிட்டன. அந்த மலைகளில் என்னென்ன பூத்தன என்று இன்று பார்க்க வேண்டுமானால், ரங்கையாவும் கோவிந்துவும் எழுதிய படங்களைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

பருத்திப் பண்ணை மூடிய அதே 1853-ல் அவருடைய பெரிய படப் புத்தகமும் நிறைவு பெற்றது. ஆறு பாகங்களில் 2,101 படங்கள்!

66 ஏக்கர்

அந்த ஆண்டே வைட் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று இங்கிலாந்துக்குப் போனார். ரெடிங் நகரத்துக்குப் பக்கத்தில் 66 ஏக்கர் நிலத்தில் விவசாயம் செய்தார். 1855-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினராகச் சேர்த்துக் கௌரவித்தது.

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுச் சண்டை மூண்டது. பஞ்சு வரத்து நின்றது. லங்காஷயர் ஆலைகள் மூடின; தொழிலாளிகள் பட்டினி கிடந்தார்கள். ஆலை முதலாளிகள் முன்பு பயந்தது நடந்துவிட்டது. இந்தியப் பருத்தியைப் பற்றி வைட் மறுபடி பேனா எடுத்து எழுதினார். கோவைப் பண்ணை அவர் மனத்தை விட்டுப் போகவில்லை.

தாம் சேர்த்த செடிகளைக் கியூ தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டார். 1872-ஆம் ஆண்டு மே 26-ந் தேதி, 75-வது வயதில் காலமானார்.

திரும்பி வந்த பருத்தி

வைட் இறந்து சுமார் 30 வருஷங்கள் கழித்து, கம்போடியா என்ற பெயரில் ஒரு பருத்தி தமிழ்நாட்டுக்கு வந்தது. கோயமுத்தூர் விவசாயிகள் அதைக் கிணற்றுப் பாசனத்தில் செம்மண்ணில் போட்டார்கள். அமோகமாக விளைந்தது. கோவையின் நூல் ஆலைகள் அந்த நீள இழையில் செழித்தன. கம்போடியாப் பருத்தி எந்த இனம் தெரியுமா? வைட் பாடுபட்ட அதே அமெரிக்கப் பருத்தி இனம்! வைட்டின் விதை வானத்தை நம்பி நின்றது. இந்த விதைக்கு ஏற்றக் கிணற்றுத் தண்ணீர் பாய்ந்தது. பிற்பாடு கம்போடியாப் பருத்தி வழியில் எத்தனையோ ரகங்கள் கோவையில் உருவாயின. 1968-ல் வெளியான எம்.சி.யு. 5 ரகத்தின் பெயரில் வரும் சி என்ற எழுத்தும் கம்போடியாவைக் குறிப்பதுதான்.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியத் தாவர ஆய்வுத் துறையின் தென் மண்டல நிலையம் இருக்கிறது. காய வைத்த செடிகள் அங்கே லட்சக்கணக்கில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. வைட் சேர்த்த செடிகளில் சிலவும் அவற்றில் உண்டு. கப்பல் ஏறிப் போனவற்றில் கொஞ்சம், ஊர் சுற்றி, மறுபடி இந்தப் பக்கம் வந்து சேர்ந்திருக்கிறது. ரங்கையா, கோவிந்து இருவரின் கைப்பட்ட படங்கள் எடின்பரோ தாவரத் தோட்டத்திலும் கியூவிலும் பத்திரமாக உள்ளன. கோவிந்தூயியா என்ற பெயர் மட்டும் இப்போது வழக்கில் இல்லை. அந்த ஆர்க்கிட் வேறொரு இனத்தைச் சேர்ந்தது என்று பிற்காலத்தில் வந்த நிபுணர்கள் முடிவு செய்து, பெயரை மாற்றிவிட்டார்கள்.